சனிக்கிழமை வரைக்கும்

ஆயர் ஈத்தாம் ஊர்ப் பள்ளியில் பதினெட்டு வருஷம் பாடம் சொன்ன ஞானாம்பிகைக்கு 1989இல் புற்றுநோயால் இடது மார்பை எடுத்து, அங்கே சிலிக்கோன் பை வைத்தார்கள். நோய் வெளியே தெரிந்தால் மகளுக்கு வரும் சம்பந்தம் தட்டிப்போகும் என்று கணவர் குலசேகரம்தான் வற்புறுத்தினார். சேலை மறுபடி நேராக நின்றதில் அவளுக்கும் சந்தோஷம்தான். மூன்றாம் வாரம் தையலில் சீழ் வைத்தது. பையை உடனே எடுக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து என்றார் டாக்டர்.

“சனிக்கிழமை பொண்ணு பாக்க வர்றாங்க டாக்டர். அவங்க போன பிறகு எடுங்க லா,” என்றார் குலசேகரம்.

ஞானாம்பிகை மகளைப் பார்த்தாள்.

“மூணு நாள்தானேம்மா,” என்றாள் மகள்.

அன்றே எடுக்கச் சொல்லி ஞானாம்பிகை கையெழுத்துப் போட்டாள்.

சனிக்கிழமை வந்தவர்களிடம் மகள் பலகாரத் தட்டை நீட்டியபடி, அம்மா சிங்கப்பூர் போயிருப்பதாகச் சொன்னாள்.