பஸ் போகாத இடம்

கல்யாணமான புதிதில் எனக்கு ஒரு சக்களத்தி இருந்தாள். கோவில்பட்டி பஜாரில் இருந்த எங்கள் பலசரக்குக் கடைதான் அவள்.

விடியுமுன்னே கடைக்குப் போகிற என் வீட்டுக்காரர் ராத்திரி சாப்பிடத்தான் வருவார். எங்கேயாவது கூட்டிப்போங்கள் என்று மல்லுக்கட்டினால் வருவார். வந்த வேகத்தில் திரும்பிவிடுவார். கழுகுமலையில் சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். கோவில்பட்டி பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறார்! கடம்பூரில் என் அக்கா சுடச்சுடப் போளி எடுத்து வைத்தாள். "பொட்டலம் போட்டுக் குடுத்திருங்க மதினி, போற வழியில தின்னுக்கிடுதோம்" என்றார். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. நகை கேட்டேனா, பட்டுச்சேலை கேட்டேனா? ஒரே ஒரு நாள், விடிந்து அடையும்வரை, இந்த மனுஷன் என்னோடு இருக்க வேண்டும். அவ்வளவுதான் கேட்டேன்.

யோசித்துப் பார்த்ததில், பஸ் வருகிற ஊர் எதுவும் சரிப்படாது என்று தெரிந்துபோயிற்று.

எங்கள் கடைக்குத் தூத்துக்குடியிலிருந்து கருவாடு கொண்டுவந்து போடும் அண்ணாச்சிக்குச் சொந்தமாக ஒரு வள்ளம் இருந்தது. கரைக்கு எதிரே தீவுகள் உண்டு, ஆள் கிடையாது, காலையில் இறக்கிவிட்டால் சாயங்காலம் வந்து ஏற்றிக்கொள்ளலாம் என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார். அடி சக்கை! அந்த வருஷம் பொங்கலுக்கு மறுநாள் கடைக்குப் பூட்டுப் போட வைத்தேன். புளிச்சோறு, அவித்த முட்டை, ஒரு கேன் குடிதண்ணீரோடு கிளம்பினோம்.

தீவில் இறங்கியதும் நான் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். இவர் பின்தங்கி நின்று அண்ணாச்சியிடம் ஏதோ குசுகுசுத்தார். அலைச் சத்தத்தில் என் காதில் ஒன்றும் விழவில்லை.

ஈர மணலைக் கண்டதும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். மழை பெய்தால் எங்கள் கரிசல் மண் செருப்போடு அப்பிக்கொண்டு வருமே, அந்தப் பழக்கம். நாலு எட்டு வைத்திருப்பார், உடைந்த பவளப்பாறைத் துண்டு குத்தி, "ஆத்தாடி!" என்று ஒற்றைக் காலில் குதித்தார்.

"செருப்பப் போடுங்க, இது என்ன நம்ம ஊரு மண்ணா?" என்று விழுந்து விழுந்து சிரித்தேன்.

தீவைச் சுற்றி வந்தோம். சிப்பி பொறுக்கினோம். இவர் ஒரு நண்டை விரட்டிக்கொண்டு ஓடி, அது நுழைந்த வளையை மண்டியிட்டு எட்டிப் பார்த்தார். ஆனாலும் நடுநடுவே தூத்துக்குடிக் கரைப்பக்கம் கண் போய்க்கொண்டே இருந்தது.

"என்ன பாக்குதீங்க? அங்கன பஸ் ஏதும் வருதா?" என்றேன். அசடு வழிந்தார்.

பூவரச மர நிழலில் சாப்பிட்டோம். சாப்பிட்டதும் என் மடியில் தலைவைத்துப் படுத்தார். பகலில் அவர் படுத்து நான் பார்த்ததே இல்லை. மிளகாய் வத்தலும் மல்லியும் மணக்கிற அந்தத் தலையைக் கோதிக்கொண்டிருந்தேன். மனசு நிறைந்து கிடந்தது.

அந்த நேரம் பார்த்துக் கரையில் வள்ளம் வந்து நிற்கிறது! அண்ணாச்சி இறங்கி வந்தார்.

"என்ன அண்ணாச்சி, பொழுதடையத்தான வரச் சொன்னேன்?"

"அவியதான் மைனி, மத்தியானமே வந்திருங்க, கடை தொறக்கணும்னு சொன்னாவ."

எனக்கு வயிறு எரிந்தது. காலையில் குசுகுசுத்தது இதுதானா? எழுப்பி நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வாயெடுத்தேன். குனிந்து பார்த்தால் மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. என் முந்தானை நுனி அவர் கைக்குள் இருந்தது.

"நல்லா உறங்குதாவ அண்ணாச்சி. போயிட்டு அடையுற நேரத்துக்கு வாங்க" என்று மெதுவாகச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போனார்.

வெயில் தாழ்ந்தபின்தான் இவர் எழுந்து உட்கார்ந்தார். திட்டினால் திட்டட்டும் என்று நானே ஆரம்பித்தேன்.

"மத்தியானம் வள்ளம் வந்துச்சு. நான்தான் திருப்பி அனுப்பிட்டேன்."

"தெரியும்" என்றார், காதோர மணலைத் தட்டிக்கொண்டே.

"எப்படித் தெரியும்? நீங்கதான் உறங்கினீங்களே?"

"எங்கட்டி உறங்கினேன்? நீ எழுப்பிருவியோ எழுப்பிருவியோன்னு பயந்துக்கிட்டுல்லா கண்ண மூடிக் கெடந்தேன்."