என் ரத்தத்தில் தாளம் இல்லை

டிரம்ஸ் ஒழுங்காக வாசிப்பதற்கு எனக்கு எட்டு வருடங்கள் எடுத்தன. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைக் கேட்க யாருக்கும் விருப்பமில்லை என்று தெரிந்ததால்தான் சொல்கிறேன்.

நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்தவன் நான். அப்பா தேயிலை ஃபெக்டரியில் மெஷின் பார்த்தவர். எங்கள் வீட்டில் யாரும் எந்த வாத்தியத்தையும் தொட்டதில்லை. அம்மா ரேடியோவோடு சேர்ந்து பாடினால் ரேடியோ ஒரு பக்கமும் அம்மா இன்னொரு பக்கமும் போவார்கள். படிப்பு முடிந்ததும் கண்டிக்கு வந்து, ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் வேலைக்குச் சேர்ந்தேன். கூட வேலை செய்த ஒருவர் தன் போனில் எப்போதும் மெட்டல் என்ற முரட்டு ராக் பாட்டு வைத்திருப்பார். அதில் ஒரு வகையை புரோகிரெசிவ் மெட்டல் என்றார். மற்றப் பாட்டுகளில் நாலு நாலாக எண்ணிக்கொண்டு தலையாட்டலாம். இதில் அப்படி முடியாது. ஏழு வரும், ஐந்து வரும், நடுவில் ஒன்று காணாமல் போகும். முதல் தடவை கேட்டபோது எங்கே இருக்கிறோம் என்றே எனக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்ற கோபத்தில்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

கட்டுகஸ்தோட்டையில் என் போர்டிங் அறையில் டிரம்ஸ் வைக்க இடமில்லை. பழைய டயரில் ஒரு துண்டை வெட்டிப் பலகையில் ஆணியடித்து அதில் பழகினேன். போனில் மெட்ரோனோம் ஓடிக்கொண்டிருக்கும். டிக், டிக், டிக் என்று ஒரே சீராக அடிக்கும் செயலி அது, யாருக்காகவும் நிற்காது. மெட்டலில் பெரிய டிரம்மை இரண்டு காலாலும் மாறி மாறி மிதிக்க வேண்டும். என் வலது கால் சொன்னதைக் கேட்டது. இடது கால் கேட்கவே இல்லை. இடது காலுக்கு மட்டும் ஒரு வருடம் தனியாகப் போனது. காலையில் வேலைக்குப் போகுமுன் ஒரு மணித்தியாலம், மத்தியானம் சோற்றுப் பார்சலைத் திறக்குமுன் கடையின் பின்னறையில் இருபது நிமிடம். மெதுவாக, இன்னும் மெதுவாக, பிறகு ஒரு துளி வேகமாக. நாவலப்பிட்டி பஸ்ஸில் போகும்போதும் சீற்றுக்கு அடியில் கால் ஆடிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் இருப்பவர்கள் எனக்கு ஏதோ நரம்பு வருத்தம் என்று நினைத்திருப்பார்கள்.

ஆறாவது வருடம் ஒரு குழுவில் சேர்ந்தேன். நாங்கள் நாலு பேர். கிட்டார் வாசித்தவன் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா பேராதனையில் விரிவுரையாளர். சவுண்ட் ரெக்கார்டிங் படித்திருந்தான். வீட்டிலேயே நல்ல கணினியும் ஒலிப்பதிவுச் சாமான்களும் வைத்திருந்தான். பேஸ் கிட்டார் வாசித்தவன் அக்குறணை. அவனுடைய வாப்பாவின் பழைய வாகன கராஜில்தான் எங்கள் ஒத்திகை. பாடியவர் ஒரு சிங்களப் பள்ளிக்கூட ஆசிரியர். வந்து பாடிவிட்டுப் போய்விடுவார், எதிலும் தலையிடமாட்டார். ஒரு தேவாலயத்தில் கழித்துவிட்ட டிரம்ஸ் செட்டை வாங்கி கராஜில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மெத்தைகளைச் சுவரில் சாத்திவிட்டு வாசிப்போம்.

இரண்டு வருடம் கழித்து எங்களிடம் ஒரு பெரிய பாட்டு இருந்தது. பதினொரு நிமிடம். கிட்டார்காரன் அதற்கு ஒரு கிட்டார் இசைவரி கொண்டுவந்தான். அபாரமான வரி, அதை மறுக்கமாட்டேன். ஆனால் அது எத்தனை எண்ணிக்கை என்று அவனுக்கே தெரியாது. விரல் போன போக்கில் வந்ததாகச் சொன்னான். திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லி, எண்ணிப் பார்த்து, லென்ஸ் வந்த உறையின் பின்பக்கத்தில் ஏழு, ஏழு, ஏழு, ஐந்து என்று எழுதிக் காட்டியவன் நான்தான்.

அந்தப் பாட்டின் நடுவில் எல்லாம் அடங்கி மெதுவாகும் ஓர் இடம் உண்டு. எண்ணிக்கைக்குச் சரியாக அடித்தால் அந்த இடம் செத்துப்போய்க் கிடந்தது. அங்கே ஸ்னேர் என்ற சின்ன டிரம்மின் அடியை மட்டும் ஒரு மயிரிழை பிந்தி வைத்துப் பார்த்தேன். மற்ற எல்லாம் நேரத்துக்கு, ஸ்னேர் மட்டும் பிந்தி. பாரம் தூக்கிக்கொண்டு ஏற்றத்தில் ஏறுகிறவன் கால் வைப்பதைப் போல இருந்தது. கேட்பதற்குச் சின்ன விஷயம். செய்வதற்கு மூன்று மாதம் எடுத்தது. கொஞ்சம் கூடுதலாகப் பிந்தினால் பிழையாகக் கேட்கும். கொஞ்சம் குறைந்தால் ஒன்றுமே கேட்காது. ஒவ்வொரு முறையும் அதே அளவு பிந்த வேண்டும். அது சரியாக வந்த ஞாயிற்றுக்கிழமை பேஸ்காரன் வாசிப்பதை நிறுத்திவிட்டான்.

"மச்சான், என்ன செஞ்ச நீ? எனக்கு மயிர்க்கூச்செறியுது" என்றான்.

கிட்டார்காரன் தன் கிட்டார் பெடலின் குமிழைத் திருகிக்கொண்டிருந்தான்.

அந்தப் பாட்டை அவனுடைய வீட்டில் இரண்டு நாள் பதிவு செய்தோம். என் பகுதி முதல் நாளே முடிந்தது. இரண்டு வாரம் கழித்து, கண்டியில் வீடியோ சேனல் நடத்தும் ஒருவர் எங்களைப் பேட்டி எடுக்க வந்தார். கராஜிலேயே நாலு கதிரை போட்டு உட்கார்ந்தோம். டிரம்ஸைப் பற்றிக் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் கிட்டார்காரன் என் தோளில் கையைப் போட்டான்.

"இவன் தோட்டத்துப் பெடியன். தப்புச் சத்தத்துக்குள்ள வளந்தவன். தாளம் இவங்கட ரத்தத்திலயே இருக்கு. இவன் எண்ணுறேல்லை, உணருறான். கணக்கு வழக்கெல்லாம் நான் பாத்துக்கொள்ளுவன்."

பேட்டி எடுத்தவர் "ஆஹா" என்றார். நான் சிரித்தேன். அந்த வீடியோ இன்னும் இருக்கிறது. நான் சிரிப்பது அதில் தெளிவாகத் தெரியும். அவன் சொன்னதைவிட அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

போர்டிங்குக்கு நடந்து வரும்போதுதான் கோபம் வந்தது. என் இடது காலின் ஒரு வருடம் எங்கே போனது? எங்கள் தோட்டத்தில் தப்பு மேளம் அடிப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கும் அது ரத்தத்தில் வந்ததல்ல. திருவிழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போதே வேலை விட்டு வந்து பழகுவார்கள். அடி தவறியவனை மற்றவர்கள் ஏசுவார்கள். தோலைக் காய்ச்சுவதும் குச்சியைப் பிடிப்பதும் கைக்கணக்கு. அவர்கள் உழைத்ததையும் ரத்தம் என்றுதான் சொன்னான் இவன். அவனுக்கு வந்தால் படிப்பு. எங்களுக்கு வந்தால் ரத்தம். நாளெல்லாம் கொழுந்து பறிக்கிற பெண்ணுக்குக் கை வேகம் இயற்கையாகவே இருக்கிறது என்று துரைமார் சொன்னதும் இதே பேச்சுத்தான்.

அடுத்த வாரம் பாட்டு இணையத்தில் வந்தது. கடையின் பின்னறையில் இயர்போனைப் போட்டுக்கொண்டு கேட்டேன். தொடக்கம் பிரமாதமாக இருந்தது. டிரம்ஸ் சத்தம் இவ்வளவு பெரிதாக, சுத்தமாக இருக்கிறதே என்று நினைத்தேன். பிறகு நடுப்பகுதி வந்தது. ஸ்னேர் பிந்தவில்லை. எண்ணிக்கையின் தலையில் ஆணி அடித்ததைப் போல நேராக விழுந்தது. நான் ஏதோ பிழையாகக் கேட்கிறேன் என்று திரும்பவும் வைத்துக் கேட்டேன். மூன்றாம் தடவைதான் விளங்கியது. அந்த இடம் மட்டுமல்ல, முழுப் பாட்டிலும் ஒவ்வொரு அடியும் நகர்த்தப்பட்டிருந்தது. எல்லா அடியும் ஒரே பலம், ஒரே சத்தம். சத்தமும் என்னுடையதல்ல, கணினியில் இருந்த சத்தத்தை என் அடிகளுக்கு மேல் ஒட்டியிருந்தான் கிட்டார்காரன். கீழே டிரம்ஸ் என்று என் பெயர்.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு நேராக அவனுடைய வீட்டுக்குப் போனேன். அவனுடைய அம்மா கதவைத் திறந்து, "வாரும் தம்பி, மேலதான் நிக்கிறான்" என்றார். மேலே போனேன். பேஸ்காரனும் அங்கே இருந்தான். இருவரும் பாட்டுக்கு வந்த கருத்துகளை வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னா பண்ணி வச்சிருக்க என் டிரம்ஸ?" என்று கேட்டேன்.

"ஏன்ரா கத்துறாய்? கொஞ்சம் நேராக்கினனான், அவ்வளவுதான். எல்லாரும் செய்யிறதுதானே."

"நடுவுல ஸ்னேர் எங்க போச்சு?"

"அதுதான் சொல்லுறன், நீ அதில பிந்திப் போனாய். இஞ்ச பார்." பழைய பதிவைத் திரையில் திறந்தான். மெல்லிய நிலைக்குத்துக் கோடுகள் வரிசையாக நின்றன. அவைதான் சரியான நேரங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் சற்றுத் தள்ளி என் ஸ்னேர் அடி ஒரு கூம்பாக நின்றது. "பாத்தியா? எல்லாம் பிந்தித்தான் நிக்குது."

நான் திரைக்குக் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தேன். ஒரு நிமிடத்துக்கு மேல் பார்த்திருப்பேன். அரை மில்லிமீற்றர் வித்தியாசத்தைக் கண்ணால் பிடிப்பதுதான் என் வேலை.

"நல்லா பெருசாக்கிக் காட்டு. கோட்டுக்கும் அடிக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு ஒவ்வொன்னா பாரு" என்றேன்.

அவன் பெரிதாக்கினான். ஒன்று, இரண்டு, மூன்று என்று நகர்த்திக்கொண்டு போனான். இடைவெளி மாறவே இல்லை. பத்தாவது அடிக்கு மேல் அவனுடைய கை மெதுவானது.

"பிழை விட்டவன் ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு பிழை விடுவானாடா?" என்று கேட்டேன். "மூனு மாசம் பழகி வச்சது அது. ஒரு வார்த்த கேட்டியா?"

அவன் திரையைப் பழைய அளவுக்குச் சுருக்கினான். பிறகு, "கேக்கிற ஆக்களுக்கு உது விளங்காது மச்சான்" என்றான்.

"அப்ப நான் எண்ண மாட்டேன், உணர்றேன்னு கேமராவுக்கு முன்னால எதுக்குச் சொன்ன? நான் உணர்ந்து அடிச்சது ஒனக்குப் பிடிச்சிருந்தா அத எதுக்கு அழிச்ச? பிடிக்கலன்னா ஊருக்கு எதுக்கு அதச் சொல்லி வித்த?"

"நான் உன்னைப் பெருமையாத்தானே சொன்னனான்" என்றான். அவன் முகத்தைப் பார்த்தால் உண்மையிலேயே அப்படித்தான் நினைத்திருக்கிறான் என்று தெரிந்தது. எனக்கு அதுதான் தாங்கமுடியாமல் போனது. வேண்டுமென்றே அவமானப்படுத்தியிருந்தால்கூட ஒரு அடி கொடுத்துவிட்டு வந்திருக்கலாம்.

பேஸ்காரன் பக்கம் திரும்பினேன். "நீயும் கேட்டதானே? ஒனக்கும் தெரியலயா?"

அவன் நிலத்தைப் பார்த்தான். "எனக்கு அப்பவே வெளங்கிச்சு மச்சான். பாட்டு வெளிய வரட்டும்னு பேசாம ஈந்தேன்."

கிட்டார்காரனிடம் பழைய பதிவையே போடச் சொன்னேன். முடியாது, ஏற்கனவே ஆயிரக்கணக்கானோர் கேட்டுவிட்டார்கள் என்றான். அப்படியானால் என் பெயரை எடு என்றேன். கோபத்தில் சொல்கிறாய், நாளைக்குப் பேசுவோம் என்றான். எனக்கு நாளைக்கும் அதே கோபம்தான் இருந்தது. ஒரு சின்ன லொறி பிடித்துக்கொண்டு கராஜுக்குப் போய் டிரம்ஸைக் கழற்றி ஏற்றினேன். பேஸ்காரனுடைய வாப்பா வந்து ஒன்றும் கேட்காமல் ஒரு பக்கம் தூக்கிக் கொடுத்தார். அதோடு குழு முடிந்தது.

கிட்டார்காரன் என் பெயரை எடுத்துவிட்டான். ஆனால் அதற்கு முன்பே பாட்டின் கீழ் ஒருவர் எழுதியிருந்தார்: நடுப்பகுதியில் டிரம்ஸ் வாசித்தவரின் உள்ளத்தை அப்படியே கேட்க முடிகிறதாம், இப்படி வாசிக்கப் பிறவியிலேயே வர வேண்டுமாம். கணினி நேராக்கி வைத்த அந்த இடத்தைத்தான் சொல்கிறார். இருநூறு பேர் அதற்கு விருப்பம் போட்டிருந்தார்கள்.

ஒரு மாதம் கழித்துப் பேஸ்காரன் பழைய பதிவை எனக்கு அனுப்பினான். அதைக் கேட்க ஒரு வாரம் தயங்கினேன். கேட்டபோது, இரண்டாம் நிமிடத்தில் என் இடது கால் ஓரிடத்தில் தடுக்கி விழுவது நன்றாகவே கேட்டது. அது பிழைதான். அதை நேராக்கியது சரி. வா, இந்த இடத்தைச் சரிசெய்வோமா என்று கேட்டிருந்தால் பக்கத்திலிருந்து நானே காட்டிக் கொடுத்திருப்பேன். என் பிழையும் நான் யோசித்து வைத்ததும் கிட்டார்காரனுடைய கண்ணுக்கு ஒன்றாகவே தெரிந்திருக்கின்றன. கேட்கத் தெரியாதவன் கையில் எவ்வளவு நல்ல சாமான் இருந்தும் என்ன பயன்?

திறமை வேறு, உணர்ச்சி வேறு என்று இப்போதும் என்னிடம் யாராவது பேச வருவார்கள். உனக்கு எது முக்கியம் என்று கேட்பார்கள். எனக்கு அந்தக் கேள்வியே பிடிப்பதில்லை. இடது கால் ஒழுங்காக வராமல் இருந்த காலத்தில் என்னிடம் எவ்வளவோ உணர்ச்சி இருந்தது. அது ஒருவருக்கும் கேட்கவில்லை.

டிரம்ஸ் இப்போது கலகெதரையில் இருக்கிறது. கடையில் கூட வேலை செய்பவரின் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை. கராஜைவிடச் சின்னது, கூரைத் தகடு அதிரும். பேஸ்காரன் இரண்டு தடவை போன் எடுத்து மன்னிப்புக் கேட்டான். மூன்றாம் தடவை, "ஞாயித்துக்கெழம வரவா?" என்று மட்டும் கேட்டான். வா என்றேன். வந்தான். ஒரு மணித்தியாலம் வாசித்தோம். இடையில் அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் எண்ணத் தொடங்கிவிட்டேன், சத்தமாக, அவனுக்குக் கேட்கும்படி.