தம்பியின் பெயரில் ஒரு வேலை

வேலைக்குப் போன அன்று பெயர் கேட்டார்கள். நான் தம்பியின் பெயரைச் சொல்லிவிட்டேன். என் பெயர் முதல் எழுத்திலேயே தொண்டையில் மாட்டிக்கொண்டது, அவன் பெயர் வழுக்கிக்கொண்டு வந்தது, அவ்வளவுதான்.

அறுபதுகள் அவை. பம்பாய் செம்பூரில் ஒரு பேராசிரியை, திக்குவாய் உள்ளவர்களின் அனுபவத்தை அவர்கள் வாயாலேயே கேட்டுப் பதிவு செய்துகொண்டிருந்தார். பேட்டி எடுக்க ஆள் தேடினார். நானும் திக்குவாயன் என்று தெரிந்தால் சீட்டைக் கிழித்துவிடுவார் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். எங்கள் வீட்டில் முதல் ஆபீஸ் வேலை அது. வராத சொல்லை விட்டு வேறு சொல்லுக்குத் தாவித் தாவி இரண்டு மாதம் ஓட்டினேன். "மாட்டுங்கா" வராது, "கிங்ஸ் சர்க்கிள் பக்கம்" என்பேன். கையெழுத்துகூடத் தம்பி பெயரில்தான். பிழைப்பா இது!

பேராசிரியைக்கு இரண்டே விதிகள். திக்குகிறவருக்குச் சொல் எடுத்துக் கொடுக்கக் கூடாது. டேப்பில் எதையும் அழிக்கக் கூடாது.

தாராவியில் ஒரு தோல்பைப் பட்டறைக்குப் போனேன். நெல்லைப் பக்கத்து முஸ்லிம் ஒருவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், பேச ஒப்புக்கொண்டிருந்தார். டேப்பை ஓடவிட்டேன்.

"உங்களுக்கு மு... சின்ன வயசுல எப்போ ஆரம்பிச்சது?"

அவர் கத்தரியைக் கீழே வைத்தார்.

"மு-மு-மொதமொதல்லன்னு கேக்க வந்தீரு. மா-மாத்திட்டீரு. எனக்கும் அந்த வித்தை தெரியும்வேய். ஒ-ஒம்ம பேரச் சொல்லும். பொறவு நான் பே-பேசுதேன்."

பெயருக்கு மாற்றுச் சொல் ஏது? தம்பியின் பெயர் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அவரோ என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்திடம் பொய் சொல்ல வெட்கமாக இருந்தது.

என் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டது. கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் முட்டியது. சுற்றிலும் தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அவர் எடுத்துக் கொடுக்கவில்லை, பார்வையைத் திருப்பவும் இல்லை. பெயர் ஒருவழியாக வந்து விழுந்ததும், "ச-சரி, கேளும்" என்றார். ஒன்றரை மணி நேரம் பேசினார்.

திரும்பும்போது டேப்பில் நான் திக்கிய அந்த இடத்தை மட்டும் அழித்துவிட விரல் துடித்தது. பஸ் நிறுத்தத்தில் டேப் ரிக்கார்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பஸ்ஸை விட்டேன். அழித்தால் அவர் சொன்ன "சரி"யும் போய்விடும். அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பேராசிரியை கேட்டுக்கொண்டே வந்தவர் டேப்பை நிறுத்தினார்.

"இது யார் பேரு?"

"எ-எ-என்னோடது."

வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் பேட்டி கொடுத்தவர்களின் பட்டியலை எடுத்து, கடைசியில் என் சொந்தப் பெயரை எழுதினார். புது ஸ்பூலை மாட்டினார்.

"எதிர் நாற்காலில உக்காருப்பா. இன்னிக்கு நான் கேக்கறேன்."