கிழக்கு பார்க்காத கார்

லண்டனின் மிச்சம் என்ற பகுதியில் ஒரு கல்யாண வீடு. மாப்பிள்ளை என் சிநேகிதர். அதற்காகவே சென்னையிலிருந்து வந்திருக்கிறேன். அவரை மண்டபத்துக்கு ஏற்றிப்போக அவர் மாமா கொண்டுவந்திருப்பது அறுபதுகளின் அமெரிக்கக் கார். பதினெட்டடி நீளம், லாரியின் உறுமல். போனட்டில் ஒரு குடும்பமே படுத்துத் தூங்கலாம். ஆனால் மேற்கு பார்த்து நிற்கிறது. கிழக்கு பார்த்துத்தான் ஏற வேண்டுமாம். நல்ல நேரம் முடியப் பத்தே நிமிடம்.

"எந்தப் பக்கம் பாத்தா என்ன, மண்டபத்துக்குத்தானே போறோம்?" என்கிறேன்.

"ஏலாது தம்பி. இப்ப திருப்பிப்போட்டு வாறன்," என்கிறார் மாமா.

தெருவின் இருபுறமும் கார்கள். முன்னே ஓரடி, பின்னே ஓரடி. ஆறாவது முயற்சியில் கார் தெருவுக்குக் குறுக்கே சிக்கிக்கொள்கிறது. அந்நேரம் பார்த்து வந்த பஸ் வழியில்லாமல் நிற்கிறது. டிரைவர் கதவைத் திறந்து கத்துகிறார்.

மாப்பிள்ளை கடிகாரத்தைப் பார்க்கிறார். பஸ்ஸைப் பார்க்கிறார். அது கிழக்கு பார்த்து நிற்கிறது. பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய் ஏறிவிடுகிறார்.

"நேரத்துக்கு ஏறியாச்சு!" மாமாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

ஏறியாச்சு, சரி. பஸ் எப்படிப் போகும்? குறுக்கே நிற்பது உங்கள் கார் அல்லவா, மாமா!