மேலாளருக்குச் சூடு

பதவியில் அவர் மேலாளர் இல்லை. சரக்கு முனையத்தில் கிரேன் ஓட்டுகிறவர். நூற்றுப் பத்துப் படி உயரத்தில், எங்கள் எல்லோர் தலைக்கும் மேலே உட்கார்ந்திருப்பதால் நாங்கள் வைத்த பெயர் அது. கீழே நின்று வாக்கிடாக்கியில் “இடது பக்கம், இன்னும் கொஞ்சம், இறக்குங்க” என்று கத்துகிறவன் நான். பதினோரு வருடமாக இதுதான் எங்கள் பேச்சு.

இந்த வருடம் அவர் இறக்கிய பெட்டிகள் ஆட ஆரம்பித்தன.

“என்ன மேலாளரே, எறும்புப் புத்து மேலயா உக்காந்திருக்கீங்க?”

“சூடுடா” என்றார்.

நம் ஆட்களுக்கு இந்த ஒரு சொல் போதும். கண் எரிந்தால் சூடு, வயிறு இழுத்துப் பிடித்தால் சூடு, மனைவி முறைத்தால்கூடச் சூடு. மருந்தும் கையோடு இருக்கிறது: குளிர்ச்சியாக எதையாவது குடி. அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா தினமும் இரண்டு பாட்டில் பழச்சாறு, சர்க்கரை தூக்கலாகப் போட்டுக் கொடுத்தனுப்பினார். குடிக்கக் குடிக்க இவருக்குத் தாகம்தான் கூடியது. அரை மணிக்கொரு தரம் முட்டிக்கொண்டு வரும், போனால் எரியும். எட்டு மணி நேரம் அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் சொறியவும் வழியில்லை, இறங்கவும் வழியில்லை.

முன்தோலுக்கு அடியில் சிவந்து, அரித்து, தயிர்த் திப்பி போல வெள்ளையாகப் படிந்திருந்தது. கெட்ட பெண்களிடம் போனால் வரும் நோய் என்று அவரே முடிவு கட்டிவிட்டார். மனுஷன் எங்கேயும் போனதில்லை, அதுதான் கொடுமை. போகாதவன் போகவில்லை என்று எப்படி நிரூபிப்பான்? முதுகுவலி என்று சொல்லி மூன்று மாதம் கூடத்தில் தனியாகப் படுத்தார். கிருமி சாகட்டும் என்று மருந்து சோப்பைப் போட்டு நாளுக்கு நான்கு தடவை தேய்த்தார். படைக்கு எப்போதோ வாங்கிய களிம்பையும் பூசினார். எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றின கதைதான், தோல் வெடித்தது.

ஒரு மதியம் பாதிப் படியில் நின்றுவிட்டார். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. நான் ஏறிப்போய்க் கேட்டபோதுதான் எல்லாம் வெளியே வந்தது. சிரிக்கத் தெரிந்த எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

மருத்துவமனைக்கு இழுத்துப் போனேன். டாக்டர் ஒரு நிமிடம் பார்த்தார்.

“பூஞ்சை. யார்கிட்டயும் போய் வாங்கிட்டு வந்தது இல்ல. சோப்பையும் பழைய களிம்பையும் தூக்கிப் போடுங்க. வெறும் தண்ணில கழுவி, ஈரம் போகத் துடைச்சிட்டு இந்த க்ரீமைக் காலையும் ராத்திரியும் தடவுங்க. அரிப்பு நின்னாலும் ரெண்டு வாரம் விடக்கூடாது. வீட்ல அவங்களுக்கும் அரிப்பு இருந்தா கூட்டிட்டு வாங்க. ரொம்ப தாகம் எடுக்குதா?”

விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார். கருவி முந்நூற்று நாற்பது காட்டியது. பழச்சாறு கதையை நான் சொன்னேன்.

“சர்க்கரை வியாதி. பூஞ்சைக்கு அதுதான் தீனி. இத்தனை நாளா அதுக்கு நீங்களே ஊட்டி வளர்த்திருக்கீங்க.”

புண் பன்னிரண்டு நாளில் ஆறிவிட்டது. சர்க்கரைக்கு மாத்திரை ஓடுகிறது. ஆனால் மருத்துவமனையிலிருந்து போன அன்று வீட்டில் நடந்ததை அவர் என்னிடம் சொல்லவே ஒரு மாதம் ஆயிற்று.

டாக்டர் எழுதிய சீட்டை அக்கா கையில் கொடுத்து, ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறார். சொல்லி முடித்ததும் மூச்சு வந்ததாம். அக்காவுக்கு அரிப்பு எதுவும் இல்லை. சீட்டை இரண்டு தடவை படித்துவிட்டு, “இதை ஏன் மூணு மாசமா மறைச்சீங்க?” என்று கேட்டாராம்.

“நீ என்னைச் சந்தேகப்படுவியோன்னு பயந்துட்டேன்.”

“முதுகுவலின்னீங்க. நம்பி, தினமும் தைலம் தேய்ச்சு விட்டேன். ஒரு நாள்கூட வேற மாதிரி நினைக்கல. சந்தேகப்பட்டது நான் இல்லீங்க, நீங்கதான். பத்தொன்பது வருஷமா கூட இருக்கிற என்னை.”