கையெழுத்துக்கு மேல் காலியிடம்

"முதல்ல வாசிங்க. கையெழுத்து எங்கேயும் ஓடிப்போகாது" என்று சொல்லிவிட்டு, எழுத்தர் நீட்டிய பேனாவை வாங்கித் தன் காதோரம் செருகிக்கொள்கிறார் மாவு மில் அக்கா. அது திரும்பி வரும்வரை வேறு யாரும் கையெழுத்துப் போட முடியாது. வார்டு கூட்டத்துக்கு வருகிறவர்கள் வாசலிலேயே கையெழுத்திட்டு, டீயைக் குடித்துவிட்டுக் கிளம்புவதுதான் வழக்கம். தீர்மானம் பிறகு சாவகாசமாகப் பிறக்கும். அக்கா வந்து உட்கார்ந்துவிட்டால் அந்தப் பருப்பு வேகாது. ஒவ்வொரு வரியையும் வாசித்தாக வேண்டும். கடைசி வரிக்குக் கீழே நாலு விரல் இடம் காலியாக இருந்தால், குறுக்கே ஒரு கோடு இழுத்த பிறகுதான் தன் பெயரை எழுதுவார். அலுவலகத்தில் அவருக்குக் 'கோட்டம்மா' என்று பெயர். அது அவருக்கும் தெரியும்.

சும்மா வந்த பழக்கமில்லை. ஆறு வருடங்களுக்கு முன் தெருவிளக்கு கேட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். காலியிடத்தில் பின்னால் ஒரு வரி முளைத்தது. விளக்குகள் வார்டு தலைவரின் தோப்பில் போய் எரிந்தன. "என் கையெழுத்துக்கு மேல அவங்க குடித்தனம் நடத்திட்டாங்க" என்பார் அக்கா. புருவமெல்லாம் மாவு படிந்த முகத்தில் அவர் கோபப்படுகிறாரா கேலி செய்கிறாரா என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.

தெருவின் தீராத தலைவலி மின்சாரம். இருந்த இணைப்பு மூன்று தொழிலைத் தாங்காது. வெல்டிங்காரர் பற்றவைத்தால் மில்லின் அரவைக்கல் முக்கி முனகி நின்றுவிடும். அதனால் முறை வைத்துக்கொண்டார்கள்: காலையில் வெல்டிங், மதியம் மில், பிறகு லேத் பட்டறை. ஆளுக்கு மூன்று மணி நேரப் பிழைப்பு. மீதி நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. இன்னும் ஒரு வருடம் இப்படியே போனால் மூன்று பேரும் கதவைச் சாத்த வேண்டியதுதான்.

ஒருவழியாக வார்டுக்கு ஒரு டிரான்ஸ்பார்மர் ஒதுக்கினார்கள். கூட்டத்தில் வாசித்த தீர்மானம் "உகந்த இடத்தில்" அமைக்கலாம் என்றது. உகந்த இடம் எதுவென்று எல்லோருக்கும் தெரியும்: தலைவரின் மச்சான் கட்டத் தொடங்கி, வெறும் சுவரோடு நிற்கும் கிடங்கு. எந்த இடம் என்று எழுதச் சொன்னார் அக்கா.

"ஒவ்வொண்ணுக்கும் எல்லாரையும் கேட்டுக்கிட்டிருந்தா நாடு எப்பம்மா முன்னேறும்?" என்றார் கூட்டத்தை நடத்த வந்திருந்த அதிகாரி. "முதல்ல வளர்ச்சி வரட்டும். அப்புறம் நிதானமா கேள்வி கேளுங்க."

"கேக்காமதானே சார் மேட்டுல தண்ணித் தொட்டி கட்டினீங்க? தண்ணி ஏறல. அது நிழல்ல இப்ப ஆடு படுத்திருக்கு. எங்களுக்கு மட்டும் இங்க வந்து உக்கார ஆசையா? மெஷின் ஓடினா அங்கதான் நின்னிருப்போம். ஓடலைன்னுதான் கேக்க வந்தோம்" என்றார் அக்கா.

சிரிப்பு அடங்கவே நேரமானது. பிறகு கை தூக்கச் சொன்னார்கள். லேத் பட்டறைக்கு எதிரே என்பதற்கு நாற்பத்தொன்று, கிடங்குக்கு ஆறு. இடத்தையும் எண்ணிக்கையையும் எழுதவைத்து, கோட்டை இழுத்து, கையோடு ஒரு நகலும் வாங்கிக்கொண்டார் அக்கா.

போன வாரம் டிரான்ஸ்பார்மரை ஏற்றிவந்த லாரி நேராகக் கிடங்குக்குத்தான் போனது. அக்கா மாவுக் கையோடு ஓடிப்போய், கூட வந்திருந்த மின்வாரிய இன்ஜினியரிடம் நகலை நீட்டினார். அவர் இரண்டு முறை வாசித்தார். பக்கத்தில் நின்ற மச்சான் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"இதுல ஒரு வார்த்தை சேர்க்கக்கூட இடமில்லையே சார்" என்றார் இன்ஜினியர்.

லாரியைத் திருப்ப வழியில்லாமல் தெரு முழுக்கப் பின்னோக்கியே வந்தது. நிறுத்தியிருந்த சைக்கிள்களைத் தூக்கி ஓரம் வைத்து, "வா, வா" என்று கைகாட்டி அழைத்து வந்தார்கள் தெருக்காரர்கள். அன்றைக்கு அவர்கள் நடையே வேறாக இருந்தது.

நேற்று காலை இணைப்புக் கொடுத்தார்கள். அது வெல்டிங்காரரின் முறை. ஆனாலும் அக்கா மோட்டாரைப் போட்டார். எதிரே லேத் சுழன்றது. வெல்டிங்காரர் பழைய பயத்தில், மில் வாசலைப் பார்த்தபடி தயங்கி நின்றார்.

"பத்த வைங்கண்ணே."

தெருவில் நீல வெளிச்சம் அடித்தது. கல் ஒரு சுற்றுகூடத் தடுமாறவில்லை. அக்கா ஓடுகிற மெஷினை நிறுத்தாமல், அடுத்த கோதுமை டின்னைத் தூக்கி அப்படியே கவிழ்த்தார்.