பின்பக்கம் பார்க்காமல் ஒட்டிய படங்கள்

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். எங்கே மூன்று சுழி, எங்கே இரண்டு சுழி என்பதில் இன்றைக்கும் தகராறுதான். எழுத்துப் பிழைகளைத் தயவுசெய்து திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தை மட்டும் திருத்த வேண்டாம். அது நடந்தபடியே இருக்கட்டும்.

போன வருடம் தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, இந்தத் தீவில், ஜார்ஜ்டவுனில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் நடந்தது இது. என் மனைவி இறந்து அப்போது மூன்று வருடம் முடிந்திருந்தது. ஒரே மகள், தெற்கே ஜொகூரில் வேலை செய்கிறாள். தை மாதம் அவளுக்குக் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது.

ஒருநாள் சாயங்காலம் போன் செய்தாள். கல்யாணத்துக்குப் பிறகு தன் வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு குடும்ப ஆல்பம் செய்யப் போகிறாளாம். சும்மா படம் செருகும் ஆல்பம் இல்லை. பெரிய தாளில் படத்தை ஒட்டி, பக்கத்திலேயே அந்தப் படத்தின் கதையை எழுதுவார்களாம். அதற்கென்று தடித்த தாள் வைத்த பெரிய புத்தகம் ஒன்றை வாங்கி வீட்டுக்கு அனுப்பியும் விட்டாள்.

"அம்மா பெட்டியில இருக்கிற படத்தையெல்லாம் எடுத்து வருஷப்படி அடுக்கி வைங்கப்பா. கதையை நான் வந்து எழுதிக்கிறேன்" என்றாள்.

எழுதும் வேலை எனக்கு இல்லை என்றதும் மனசு லேசாகிவிட்டது. அடுக்கி வைங்க என்றுதான் அவள் சொன்னாள். ஒட்டி வைங்க என்று சொல்லவில்லை. இதை இப்போது நூறு தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன்.

நான் கடலுக்கு அந்தப் பக்கம், மாக் மண்டினில் ஒரு சோபா பட்டறையில் வேலை செய்கிறேன். இருபத்திரண்டு வருடமாக ஸ்பாஞ்சுக்கும் தோலுக்கும் நடுவில் கம் தடவுவதுதான் என் பிழைப்பு. பாசத்தை வாயால் சொல்ல எனக்கு வராது. அதனால் மகள் வரும்போதெல்லாம் ஏதாவது செய்து வைப்பேன். அலமாரிக் கதவைச் சரி பண்ணுவேன், அவள் நாற்காலிக்குப் புது உறை தைத்து வைப்பேன். இந்தத் தடவை படங்களை ஒட்டியே வைத்துவிடலாம், வந்ததும் கதையை மட்டும் எழுதினால் போதும், சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். கடைத்தெருவில் விற்கும் வெள்ளைக் கம் எல்லாம் ஒரு கம்மா? பட்டறையிலிருந்து ஒரு டப்பா நல்ல மஞ்சள் கம் கேட்டு வாங்கி வந்தேன்.

அந்தக் கம்முக்கு ஒரு முறை உண்டு. இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவ வேண்டும். தடவிய உடனே ஒட்டக் கூடாது. பத்து நிமிடம் காய விட வேண்டும். விரலில் ஒட்டாத பதம் வந்ததும் வைத்து அழுத்தினால் முடிந்தது. அப்புறம் யார் நினைத்தாலும் பிரிக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தேன். மேசையில் பழைய பேப்பரை விரித்து, எட்டு எட்டுப் படமாகக் கவிழ்த்துப் போட்டுப் பின்பக்கத்தில் கம் தடவினேன். பின்பக்கம் என் மனைவி எழுதியிருந்தாள். நீல மை. சிலவற்றில் இரண்டு வரி, சிலவற்றில் பின்பக்கம் பூராவும், இடம் போதாமல் ஓரத்தில் திருப்பிக்கூட எழுதியிருந்தாள். நான் பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பார்த்தேன். தேதியும் ஊரும் எழுதியிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கண்ணாடி சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்துப் போடவில்லை.

கம் மெல்லிசு. அதன் அடியில் எழுத்து நன்றாகவே தெரிந்தது. எட்டுப் படமும் எழுத்து மேலே தெரிய மேசையில் கிடந்த அந்தப் பத்து நிமிடம், நான் வெளி நடையில் போய் நின்றேன். கீழே ஒருவர் காரை நிறுத்த இடம் தேடி மூன்று சுற்று சுற்றிக்கொண்டிருந்தார். அதை வேடிக்கை பார்த்தேன். அடுத்த பத்து நிமிடம் காப்பி கலக்கினேன். அதற்கடுத்ததில் துணி காயப் போட்டேன். இப்படியே நாற்பத்திரண்டு படங்கள். சாயங்காலம் எல்லாம் ஒட்டி முடிந்ததும் ஒரு படத்தின் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தேன். அசையவில்லை. எனக்கு ஒரே பெருமை.

மகள் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் வந்தாள். பையை வைத்ததும் புத்தகத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

"ஐயோ அப்பா! இவ்ளோ நேரா ஒட்டியிருக்கீங்க, ரூலர் வச்சு அளந்தீங்களா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அளந்துதான் ஒட்டியிருந்தேன்.

இரண்டு மூன்று பக்கம் புரட்டினாள். அப்புறம் ஒரு படத்தின் ஓரத்தில் விரலை விட்டுப் பார்த்தாள்.

"இது என்ன கம்முப்பா?"

"நம்ம பட்டறை கம்லா. நூறு வருஷம் ஆனாலும் வராது."

"பின்னாடி அம்மா எழுதியிருந்தாங்களே. அதை வேற எதுலயாச்சும் எழுதி வச்சீங்களா?"

நான் புத்தகத்தின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"போன்ல படம் பிடிச்சீங்களா?"

"இல்லம்மா."

"படிச்சாவது பாத்தீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

கதையை எழுதிக்கிறேன் என்று அவள் சொன்னது இதைத்தான். அம்மா எழுதியதைப் பார்த்து, படத்தின் பக்கத்தில் எடுத்து எழுதப் போகிறாள். நானோ அவளே சொந்தமாக ஏதோ எழுதப் போகிறாள் என்று நினைத்துவிட்டேன். சின்ன வயதில் பள்ளி விடுமுறை நாட்களில் அம்மாவும் மகளும் பெட்டியைத் திறந்து வைத்து ஒவ்வொரு படமாகத் திருப்பிப் படித்துச் சிரிப்பார்களாம். படித்தது நினைவிருக்கிறது, என்ன எழுதியிருந்தது என்பதுதான் ஒன்றுகூட நினைவில்லை என்றாள். அந்த நேரம் நான் வேலையில் இருந்திருப்பேன், இல்லாவிட்டால் தூங்கியிருப்பேன்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "பரவாயில்லப்பா" என்று சொல்லிவிட்டு, குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். ரொம்ப நேரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

அன்றைக்கு எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. என் மனைவி லிட்டில் இந்தியா கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தவள். என்னைவிட அதிகம் படித்தவள். போட்டோக் கடையிலிருந்து படங்கள் கழுவி வந்ததும், லீவு நாள் மதியத்தில் மடியில் ஒரு புத்தகத்தை வைத்து, அதன் மேல் படத்தைக் கவிழ்த்துப் போட்டு எழுதுவாள். ஒருநாள் என்னைக் கூப்பிட்டாள்.

"இங்க வாங்க. இதப் படிச்சுப் பாருங்க."

நான் படித்தால் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அதுவும் கூட்டெழுத்து என்றால் இன்னும் தடுமாறும். பெண்டாட்டி முன்னால் அப்படிப் படிக்க வெட்கம். "நீயே சொல்லேன்" என்றேன்.

"சொல்றதுக்குன்னா நான் எதுக்கு எழுதுறேன்?" என்றாள்.

அப்புறம் பார்க்கிறேன் என்று சொல்லி நழுவிவிட்டேன். அதற்கப்புறம் அவள் என்னைக் கூப்பிடவில்லை. எழுதுவதை மட்டும் நிறுத்தவில்லை.

தீபாவளி முடிந்து வேலைக்குப் போன முதல் நாள், புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கத்தியால் வெட்டி எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். என்னோடு வேலை செய்கிறவர் ஒருவர், என்னைவிட ஐந்தாறு வயது இளையவர், நான் கம்மைக் கரைக்கும் தின்னர் டப்பாவைத் திறப்பதைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார்.

"அண்ணே, கம் போயிரும். மையும் சேர்ந்து போயிரும்லா. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. பஞ்சில் தொட்டுத் தொட்டு, ஒரு மணி நேரம் ஓரத்திலிருந்து நெகிழ்த்தினேன். படம் வந்தது. பின்பக்கம் முழுக்க மஞ்சளும் நீலமும் கலந்த கறை. மேல் மூலையில் ஒரே ஒரு சொல் மட்டும் பிழைத்திருந்தது. "அன்று". அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

"போதும்ணே. மத்ததையும் கெடுத்துறாதீங்க" என்று டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து படத்தை மகளிடம் கொடுத்தேன். அவள் இன்னும் லீவில்தான் இருந்தாள். அந்த ஒரு சொல்லைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் கைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்தாள். மேல்படிப்புக்குப் போனபோது விடுதிக்குக் கொண்டுபோன படமாம். பெட்டியில் இல்லாததால் தப்பித்தது அது ஒன்றுதான்.

"காட்டலாமா வேணாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன். நீங்களே படிங்க."

மகள் முதல் வகுப்புக்குப் போன நாள் எடுத்த படம். பள்ளிக்கூட வாசலில், பெரிய பையோடு நிற்கிறாள். திருப்பினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஜன்னல் பக்கம் போய், ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். மகள் அவசரப்படுத்தவில்லை. அதில் இப்படி எழுதியிருந்தது.

"இவள் அழவில்லை. இவளுடைய அப்பாதான் அழுதார். கண்ணில் தூசி என்று சொல்லிச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார். நானும் நம்பியதுபோல் இருந்துவிட்டேன். பாவம், இவருக்கு இது வெளியே தெரிந்தால் பிடிக்காது."

அன்றைக்கு நான் அழுதது உண்மை. யாருக்கும் தெரியாது என்றுதான் இருபது வருடமாக நினைத்திருந்தேன். இருபத்தைந்து வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைகூட நான் அவளிடம் சேர்ந்தாற்போல் பேசியிருக்க மாட்டேன். அவள் என்னைக் கவனித்து எழுதி வைத்திருக்கிறாள். அந்த ஒரு படத்தில் இவ்வளவு இருந்தால், மற்ற நாற்பத்திரண்டில் என்னவெல்லாம் இருந்திருக்கும்?

"நீங்க எழுதுங்கப்பா" என்றாள் மகள்.

"எனக்கெங்கம்மா எழுத வரும்?"

"அம்மா என்ன கதாசிரியரா? நடந்ததத்தானே எழுதினாங்க. உங்களுக்குத் தெரிஞ்சத எழுதுங்க."

அவள் ஜொகூருக்குத் திரும்பிப் போன பிறகு, வேலை விட்டு வந்ததும் தினமும் ஒரு பக்கம் என்று உட்கார்ந்தேன். முதலில் வேறு தாளில் எழுதிப் பார்த்து, அப்புறம் புத்தகத்தில் எழுதினேன். நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. கையெழுத்துகூடப் பெரிய கஷ்டம் இல்லை. படத்தைப் பார்த்தால் எனக்குக் கதை வரவில்லை. இந்தச் சட்டை என்ன விலைக்கு வாங்கியது என்று தெரிகிறது, அன்றைக்கு மழை பெய்தது தெரிகிறது. நாங்கள் ஏன் சிரித்தோம் என்று தெரியவில்லை. ஒரு படத்தில் மனைவி கடற்கரையில் ஒரு செருப்போடு நிற்கிறாள். இன்னொரு செருப்பு எங்கே போனது என்று இரண்டு நாள் யோசித்தேன். அவள் நிச்சயமாக அதை எழுதியிருப்பாள்.

எப்படியோ முப்பத்தொரு படத்துக்கு எழுதிவிட்டேன். சிலவற்றுக்கு நான்கு வரி, சிலவற்றுக்கு ஒரே வரி. மீதிப் பதினொன்றுக்கு எவ்வளவு யோசித்தும் ஒன்றும் வரவில்லை. இஷ்டத்துக்கு ஏதாவது எழுதி நிரப்பலாம்தான், மகளுக்குத் தெரியப் போவதில்லை. மனசு ஒப்பவில்லை. அந்தப் பதினொரு பக்கத்திலும் ஒரே விஷயத்தைத்தான் எழுதினேன்: "இந்தப் படத்தின் பின்னால் உன் அம்மா எழுதியிருந்தாள். அப்பா படிக்கவில்லை."

கல்யாணம் நல்லபடியாக முடிந்து மகள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனாள். படித்தாளா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஒருநாள் போனில் மட்டும், "ஏம்பா, அம்மாவோட அந்த இன்னொரு செருப்பு எங்கதான் போச்சு?" என்று கேட்டாள். இரண்டு பேரும் கொஞ்சம் சிரித்தோம்.

இதை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பும்படி சொன்னதும் மகள்தான். வெட்கத்தில் பல மாதம் தள்ளிப் போட்டேன். நான் கெட்டவன் இல்லை, என் மனைவியை நன்றாகத்தான் வைத்திருந்தேன் என்று பார்க்கிறவர்கள் சொல்வார்கள். ஆனால் அவள் என்னிடம் சொல்ல நினைத்ததெல்லாம் என் கண் முன்னால், என் மேசையிலேயே, பத்துப் பத்து நிமிடமாகக் காத்துக் கிடந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்க வெட்கப்பட்டு நான் காரை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன் என்பது எனக்குத் தெரியும், அது என்னை விட்டுப் போகாது.

எழுதி முடித்தது: 14 செப்டம்பர் 2025, ஞாயிற்றுக்கிழமை.